நாய் உண்ணியும் 'உண்ணிக் காய்ச்ச'லும்: ஒரு பெயருக்குள் சிக்கிய மூன்று நோய்கள்

1. ஒரு தாயின் கேள்வி

சென்னைப் புறநகரில் ஒரு கால்நடை மருத்துவமனை. என் முறைக்காகக் காத்திருந்த மாலையில், மேசைமேல் ஒரு லாப்ரடார் தலையைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. மூக்கிலிருந்து கசிந்த ரத்தம் முன்னங்கால் மயிரில் காய்ந்து ஒட்டியிருந்தது. மருத்துவர் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பிறகு அடிவயிற்று மயிரை விலக்கிக் காட்டினார். தோலுக்கடியில் கேழ்வரகு சிந்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் புரட்டிவிட்டு, "டிக் ஃபீவர்தாம்மா. பிளேட்லெட் ரொம்பக் குறைஞ்சிருக்கு" என்றார். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு நின்றிருந்த அந்தப் பெண், நாய் பிழைக்குமா என்று கேட்கவில்லை. "பாப்பாவுக்கும் வந்துடுமா டாக்டர்?" என்றார். "அதெல்லாம் மனுஷங்களுக்கு வராதும்மா" என்று சொல்லிவிட்டு மருத்துவர் ஊசிமருந்தை எடுக்கத் திரும்பினார்.

அந்தப் பதில் பாதி சரி. விடுபட்ட மறுபாதியைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

நாய் உண்ணியைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலைத்திருக்கின்றன. நாய் வளர்க்காதவர்களும், வளர்த்துப் பயந்தவர்களும் சொல்வது: நாய்மேல் உண்ணி இருந்தால் வீட்டிலுள்ளவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வரும்; ஆகவே நாயை விரட்டு. கால்நடை மருத்துவ அறைகளில் கேட்பது: நாய்க்கு வரும் உண்ணி நோய் நாயோடு நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை. முதலாவது நாயைத் தண்டிக்கிறது. இரண்டாவது மனிதரைக் கவனிக்காமல் விடுகிறது. நாயின் நோய் மனிதருக்குத் தாவுவது மிக அரிது. ஆனால் நாயின் உண்ணி மனிதரைக் கடிக்கிறது, அந்த உண்ணி தனக்கேயான வேறொரு கிருமியையும் சுமக்கக்கூடியது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அச்சம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பது விளங்கும். பிடிக்கவிடாமல் தடுப்பவற்றுள் முதலாவது நாம் வைத்திருக்கும் பெயர்.

2. பெயரில் உள்ள பிழை

தமிழ்நாட்டு நாளிதழ்களில் மழைக்காலம் முடிந்ததும் 'உண்ணிக் காய்ச்சல் பரவல்' என்று செய்தி வரும். அந்தச் செய்திகளில் பெரும்பாலானவை பேசுவது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற நோயை. அதற்குக் காரணம் ஓரியன்ஷியா சுட்சுகமூஷி என்ற பாக்டீரியா. அதைப் பரப்புவது நாய் உண்ணி கிடையாது. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் அது. கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த உருவம், கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. எலி போன்ற கொறிவிலங்குகளை அண்டி வாழ்வது. அது கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருகிய வடு ஒன்று தோன்றுவதுண்டு. அக்குளிலோ தொடையிடுக்கிலோ மறைந்திருக்கும் அந்த வடுவைத் தேடிக் கண்டுபிடிப்பதே நோயறிதலில் பாதி.

இரண்டாவது நோய் இந்திய உண்ணி டைஃபஸ். ரிக்கெட்ஸியா கோனோரை என்ற கிருமியின் இந்திய உள்ளினத்தால் வருவது. நாய் உண்ணி உள்ளிட்ட மெய்யான உண்ணிகள் பரப்புவது. மனிதரை நோயில் வீழ்த்துவது. மூன்றாவது, அன்று மேசைமேல் கிடந்த லாப்ரடாருக்கு வந்த எர்லிக்கியா நோய். கால்நடை மருத்துவர்களும் நாய் வளர்ப்பவர்களும் 'டிக் ஃபீவர்' என்பது பெரும்பாலும் இதைத்தான்; நாய் ரத்தத்தில் வாழும் பபேசியா ஒட்டுண்ணியால் வரும் காய்ச்சலையும் சில வேளைகளில் அதே பெயரில் சேர்த்துவிடுவார்கள். இவை தமிழில் எழுதப்படும்போது எல்லாமே 'உண்ணிக் காய்ச்சல்'.

உண்ணி என்ற சொல்லில் குற்றமில்லை. உண்பது உண்ணி; ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. எட்டுக்கால் ரத்த உறிஞ்சிகள் அனைத்தையும் ஒரு சொல்லில் அடக்கியது மொழியின் சிக்கனம். ஆனால் அந்தச் சிக்கனம் நோயின் பெயராகும்போது விலை கேட்கிறது. புதரில் நின்ற சிற்றுண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தால் வீட்டு நாய் தெருவில் விடப்படுகிறது. நாய் உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்தாலோ, ஸ்க்ரப் டைஃபஸ் பரிசோதனை 'இல்லை' என்று வந்ததும் தேடல் முடிந்துவிடுகிறது. இக்கட்டுரையில் முதலாவதைப் புதர்க்காய்ச்சல் என்றும், இரண்டாவதை உண்ணி டைஃபஸ் என்றும், மூன்றாவதை எர்லிக்கியா என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

3. கிண்டியில் தொடங்கிய வரலாறு

நாய் உண்ணி நோய்களைப் பற்றிய அறிவியல் எங்கோ மேலை நாட்டில் பிறந்து நமக்கு வந்ததென்று நினைப்போம். அதன் தொடக்கப் பக்கங்கள் சிலவற்றில் சென்னையின் பெயர் இருக்கிறது. 1904இல் கிண்டி கிங் நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர் ரிக்கார்ட் கிறிஸ்டோஃபர்ஸ். மலேரியா ஆய்வில் பின்னர் பெரும்புகழ் பெற்றவர். இன்று பபேசியா எனப்படும் நாய் ரத்த ஒட்டுண்ணி உண்ணியின் உடலுக்குள் எப்படி வளர்கிறது என்பதை ஆராய்ந்து 1907இல் வெளியிட்டார். கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைத் தேடிய அதே கண், உண்ணிக்குள்ளும் தேடியது.

அடுத்து பேட்டன் என்ற ஆய்வாளர். மெட்ராஸ் ஹன்ட் என்ற வெள்ளையர் வேட்டைக் குழுவின் வேட்டைநாய்களுடைய ரத்தத்தில் அதுவரை அறியப்படாத ஒரு நுண்ணுயிரைக் கண்டு 1910இல் விவரித்தார். பிறகு அதே உயிரைக் குள்ளநரியின் ரத்தத்திலும் கண்டார். இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் பபேசியா கிப்சோனி என்ற பெயரில் அறிந்திருப்பது அதைத்தான். எர்லிக்கியாவை 1935இல் அல்ஜீரியாவில் தொனாத்தியேன், லெஸ்தொக்கார் இருவரும் முதலில் விவரித்தார்கள். அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே, 1944இல், தென்னிந்திய நாய்களில் அந்நோய் இருப்பதை முதலியார் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார்.

மனிதரைத் தாக்கும் உண்ணி டைஃபஸின் கதை வேறு திசையில் நடந்தது. குமாயூன் மலைப்பகுதியில் உண்ணி கடித்த பிறகு தமக்கே வந்த காய்ச்சலை வைத்து, இந்தியாவிலும் உண்ணி பரப்பும் டைஃபஸ் போன்ற நோய் இருக்கக்கூடும் என்று ஜான் மேகா என்ற மருத்துவர் 1921இல் இந்தியன் மெடிக்கல் கெஸட்டில் எழுதினார். 1950இல் இந்திய நாய் உண்ணியிலிருந்தே அந்த ரிக்கெட்ஸியா பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டு கதைகளிலும் வருவது ஒரே உண்ணி. ஆனால் கதைகள் சந்திக்கவில்லை. ஒன்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று, மற்றது மனித மருத்துவக் கல்லூரிகளுக்கு. வேப்பேரிக்கும் சென்ட்ரல் அருகிலுள்ள சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். நூறாண்டாக அந்தத் தூரத்தை உண்ணி கடந்திருக்கிறது, பாடத்திட்டம் கடக்கவில்லை. இன்றும் எம்.பி.பி.எஸ். மாணவர் நாய்மேல் உண்ணியைத் தேடப் பழகுவதில்லை. கால்நடை மருத்துவ மாணவர் நாயின் எஜமானருக்குக் காய்ச்சலா என்று கேட்கப் பழகுவதில்லை.

4. சுவரில் வாழும் உயிர்

பழுப்பு நாய் உண்ணி என்று அழைக்கப்படும் ரைபிசெஃபாலஸ் சாங்குயினியஸ் உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் உண்ணி. வெப்ப நாடுகளில் வாழும் மரபுக் கிளையை ரைபிசெஃபாலஸ் லின்னேயி என்று தனி இனமாகவே அண்மையில் பிரித்திருக்கிறார்கள். இதன் வாழ்க்கைமுறை தெரியாமல் நோயைத் தடுப்பது பற்றிப் பேசிப் பயனில்லை; ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் சிறிய ஆமணக்கு விதைபோல் இருக்கும். (ஆமணக்குக்கு அறிவியல் இட்ட ரிசினஸ் என்ற லத்தீன் பெயருக்கே உண்ணி என்றுதான் பொருள். நம் ஊர் ஆட்களுக்கும் ரோமானியருக்கும் ஒரே உவமை தோன்றியிருக்கிறது.) அது நாயிலிருந்து உதிர்ந்ததும் தரையில் கிடப்பதில்லை. மேல்நோக்கி ஏறும். சுவர் விரிசல், ஜன்னல் சட்டம், மின்விசைப் பலகையின் பின்புறம், மாட்டிய காலண்டரின் அடிப்பகுதி என்று இடுக்கு தேடிப் போய் ஒட்டிக்கொண்டு முட்டையிடும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடக்கூடும். இட்டு முடித்ததும் இறந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் குஞ்சு ஒரு நாயைத் தேடி ஏறி ரத்தம் குடித்து உதிரும். இடுக்கில் தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மறுபடி நாய், மறுபடி இடுக்கு. பிறகு முதிர்ந்த உண்ணியாக மூன்றாம் முறை நாய். நம் வெயிலில் இந்தச் சுற்று ஏறத்தாழ இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ரத்தமே கிடைக்காவிட்டாலும் முதிர்ந்த உண்ணி ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து உயிர்வாழும்.

எங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே நாய் படுக்கும் மூலையில், ஒரு கோடையிரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். நாய் உடம்பில் அன்று காலைதான் எட்டு உண்ணி எடுத்திருந்தோம், தீர்ந்தது என்றிருந்தோம். சுவரும் கூரையும் சேரும் விளிம்பில், பூச்சு விட்டிருந்த பிளவில், எள் கொட்டியதுபோல் ஒரு கூட்டம். வெளிச்சம் பட்டதும் முன்னங்கால்களைத் தூக்கி அசைத்தன. உண்ணிக்கு முன்னங்காலின் நுனியில்தான் மோப்ப உறுப்பு. நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் அவை அப்படித்தான் உணர்கின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுதும் அவை என்னை முகர்ந்துகொண்டிருந்தன என்பதைப் பின்னர் படித்தபோதுதான் அறிந்தேன்.

எந்த நேரத்திலும் ஒரு வீட்டிலுள்ள உண்ணிகளில் நாயின் உடம்பில் இருப்பது மிகச் சிறு பங்கு. பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் இருக்கிறது. நாயை விரட்டிவிட்டால் உண்ணி போய்விடும் என்பது இதனால்தான் தவறு. நாய் போன வீட்டில் பட்டினி உண்ணிகள் மிஞ்சுகின்றன. மிஞ்சியவற்றுக்குக் கிடைக்கும் ரத்தம் நம்முடையது.

5. நாய்க்கு என்ன வருகிறது

எர்லிக்கியா கேனிஸ் நாயின் வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகும் பாக்டீரியா. உண்ணி கடித்து ஓரிரு வாரத்தில், சில வேளை மூன்று வாரத்தில், காய்ச்சல், சோர்வு, தீனி மறுத்தல், நெறிகட்டு தோன்றும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும். பல நாய்கள் இக்கட்டத்தைக் கடந்து நன்றாக ஆகிவிட்டதுபோல் தெரியும். கிருமி உள்ளே தங்கியிருக்கும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து எலும்பு மஜ்ஜை செயலிழந்து ரத்தக்கசிவோடு திரும்பும் கட்டம்தான் கொடியது. அதன் கொடுமையை உலகம் கண்டது வியட்நாம் போரில். 1968 முதல் 1970 வரை அமெரிக்கப் படையின் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள், பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகள், மூக்கில் ரத்தம் வடிந்து இறந்தன.

இந்தியாவில் இது எவ்வளவு பரவலானது? டெல்லி, மும்பை, சிக்கிம், லடாக் ஆகிய நான்கு இடங்களில் 525 தெருநாய்களின் ரத்தத்தை மரபணு முறையில் சோதித்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. ஏறத்தாழப் பாதி நாய்களில் ஏதேனும் ஓர் உண்ணி நோய்க்கிருமி இருந்தது. ஐந்தில் ஒன்றில் எர்லிக்கியா. நுண்ணோக்கியில் பார்த்தபோது இதில் சிறு பகுதிதான் தெரிந்தது. கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அந்த வேறுபாடே சான்று.

மருந்து இருக்கிறது. டாக்ஸிசைக்ளின், முழுதாக நான்கு வாரம். இதில் நடக்கும் தவறும் எல்லோருக்கும் தெரிந்ததே: ஐந்தாம் நாள் நாய் சோறு தின்றுவிட்டால் மாத்திரை நின்றுவிடுகிறது. டெங்குவால் 'பிளேட்லெட்' என்ற சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டதால், பலர் நாய்க்கும் பப்பாளி இலைச் சாறு ஊற்றுகிறார்கள். அந்தச் சாறு வெள்ளணுவுக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்லாது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை நம்புவது நாயைக் கொடிய கட்டத்துக்குத் தள்ளுவது.

எர்லிக்கியாவைப் பற்றி இன்னொரு செய்தி நம் கேள்விக்கு முக்கியம். இது தாய் உண்ணியிலிருந்து முட்டைக்குக் கடத்தப்படுவதில்லை. ஒவ்வொரு தலைமுறை உண்ணியும் நோயுள்ள நாயின் ரத்தத்தைக் குடித்தே இதைப் பெற வேண்டும். ஆகவே எர்லிக்கியாவின் கிடங்கு நாய். ரிக்கெட்ஸியா அப்படியன்று. தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அதன் கிடங்கு உண்ணியே. நாய்க்கு நோயே இல்லாத வீட்டிலும், சுவரில் உள்ள உண்ணி அதைச் சுமந்திருக்கலாம்.

6. மனிதருக்கு என்ன வருகிறது: சான்றுகளை எடைபோடுதல்

நாய் எர்லிக்கியா மனிதருக்கு வருமா என்பது 1986இல் அமெரிக்காவில் எழுந்த கேள்வி. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் உண்ணி கடித்து நோயுற்ற ஒருவரின் ரத்தம் எர்லிக்கியா கேனிஸ் சோதனைக்கு எதிர்வினை காட்டியது. நாய் நோய் மனிதருக்குத் தாவிவிட்டது என்றே முதலில் கருதினார்கள். 1991இல் அது வேறொரு இனம் என்று தெளிந்து, எர்லிக்கியா சாஃபீன்சிஸ் என்று பெயரிட்டார்கள். அதைப் பரப்புவதும் வேறோர் உண்ணி. எதிர்ப்புப்பொருளைக் காட்டும் ரத்தச் சோதனை, உறவுள்ள இரு கிருமிகளைப் பிரித்துக் காட்டாது என்ற பாடம் அப்போது கிடைத்தது. வெனிசுவேலாவில் மட்டும் நாய் எர்லிக்கியாவே மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 2006இல் அந்நாட்டில் நோய்க்குறிகளோடு வந்த ஆறு பேரிடம் மரபணு முறையில் உறுதிசெய்யப்பட்டது. எனவே 'மனிதருக்கு வராது' என்பதைவிட 'மிக அரிது' என்பதே சரியான விடை. நாயைத் தடவியதாலோ அது நக்கியதாலோ வருவதாகச் சான்று இல்லை.

இணையத்தில் படித்துவிட்டு லைம் நோயைப் பற்றிக் கவலைப்படுபவர்களையும் பார்க்கிறேன். அதைப் பரப்புவது இக்ஸோடஸ் வகை உண்ணிகள். நம் வீட்டுச் சுவரில் ஏறும் பழுப்பு உண்ணி அதைப் பரப்பாது. அமெரிக்க அச்சத்தை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கர்நாடகத்தில் 1957இல் கண்டறியப்பட்டு மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் பரவும் குரங்குக் காய்ச்சலும் உண்ணி நோய்தான். அதுவும் காட்டு உண்ணியால் வருவது, வீட்டு நாயை வைத்து அளக்கக்கூடியதன்று.

எஞ்சுவது உண்ணி டைஃபஸ். உண்மையான ஆபத்து இங்கேதான். கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. சில நாட்களில் செந்தடிப்பு. மற்றக் காய்ச்சல்களின் தடிப்பு பெரும்பாலும் தொடாமல் விடும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது தோன்றும். தீவிரமானால் தடிப்பு கருநீலமாகும். விரல் நுனி, காது மடல் போன்ற இடங்களில் ரத்த ஓட்டம் நின்று கறுத்து அழுகும். மூளை, நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிப்பு போகும். மத்தியதரைக்கடல் நாடுகளில் இதன் உறவு நோய்க்கு உண்ணி கடித்த இடத்தில் கரும்வடு அடையாளம். இந்திய வகையில் அந்த வடு பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே வடுவைத் தேடும் மருத்துவர் இதைத் தவறவிடுவார்.

தமிழ்நாட்டில் இது உண்டா? உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், காய்ச்சலும் தடிப்புமாக வந்தவர்களின் தடிப்பிலிருந்து எடுத்த தோல்துணுக்குகளில் இந்த வகை ரிக்கெட்ஸியாவின் மரபணுவைக் கண்டறிந்ததை 2012இல் வெளியிட்டார்கள். எதிர்ப்புப்பொருள் சோதனையை மட்டும் நம்பாமல் கிருமியின் மரபணுவையே காட்டியது என்பதால் இச்சான்றுக்கு எடை அதிகம். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நோயாளியிடம் கிருமி கிடைத்ததால் அவரைக் கடித்தது வீட்டு நாயின் உண்ணிதான் என்று ஆகிவிடாது. ஆடுமாடு உண்ணியும் காட்டு உண்ணியும் கிராமத்தில் கடிக்கின்றன. நாய் உண்ணி பரப்பவல்லது என்பது உறுதி. ஒவ்வொரு நோயாளியிலும் அதன் பங்கைக் காட்ட, மனிதர், நாய், உண்ணி மூன்றையும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் சோதிக்கும் ஆய்வு வேண்டும்.

இந்நோய் ஏன் கண்ணில் படுவதில்லை? 1916இல் உருவான வெய்ல்-ஃபெலிக்ஸ் சோதனையே நம் சிற்றூர் ஆய்வகங்கள் பலவற்றில் இன்றும் கைகொடுப்பது. அது பல நோயாளிகளைத் தவறவிடும். பெரிய மருத்துவமனைகளில் உள்ள எலைசா சோதனை பெரும்பாலும் புதர்க்காய்ச்சலுக்கானது. உண்ணி டைஃபஸைக் காட்டாது. இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளினே மருந்து என்பதால், அனுபவமுள்ள மருத்துவர் சந்தேகத்தின் பேரில் கொடுத்து நோயாளி பிழைத்துவிடுகிறார். பிழைத்தது பெரிது. ஆனால் எந்த நோய் என்று பதிவாவதில்லை. பதிவாகாத நோய் அரசின் கணக்கில் இல்லாத நோய். சந்தேகம் எழாத இடத்தில் அமாக்ஸிசிலினும் செஃப்ட்ரியாக்ஸோனும் கொடுக்கப்படுகின்றன. அவை ரிக்கெட்ஸியாவிடம் செல்லாது. அங்கே இழப்பது நாட்களை. சில வேளை விரலை, சில வேளை உயிரை.

7. அரிசோனா காட்டியது

நாய் உண்ணியைப் பொதுச் சுகாதாரம் எவ்வளவு கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்காவின் கிழக்கு அரிசோனாவிலிருந்து வந்தது. அது, உண்ணி டைஃபஸின் உறவு நோயான ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் அரிதாகவே பதிவாகியிருந்த பகுதி. 2002 முதல் 2004 வரை 16 பேர் அந்நோயால் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் குழந்தைகள், இருவர் இறந்தார்கள். அந்நோயைப் பரப்புவதாக அதுவரை அந்நாட்டில் அறியப்பட்ட உண்ணி அங்கே தென்படவில்லை. வீட்டு முற்றத்திலும் சுவர்ப் பிளவிலும் கிடைத்தது பழுப்பு நாய் உண்ணி. மெக்சிகோ ஆய்வாளர்கள் 1940களிலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். அண்டை நாட்டில் காதில் விழவில்லை. மெக்சிகோவின் மெஹிகாலி நகரில் 2008ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பரவலும் இதே உண்ணியால் வந்தது.

ராக்கி மலைக் காய்ச்சலின் கிருமி இந்தியாவில் இல்லை. ஆனால் அங்கிருந்த சூழலைக் கேட்டால் நம் ஊர் நினைவுக்கு வரும்: கட்டிப்போடாத நாய்கள், அவை தூங்கும் திண்ணையோரம், அங்கேயே விளையாடும் குழந்தைகள், எட்டாத தொலைவில் கால்நடை மருத்துவர்.

அப்பாச்சி மக்களின் ஒரு குடியிருப்பில் 2012இல் மேற்கொண்ட முயற்சி நாம் படிக்க வேண்டியது. ஒவ்வொரு நாய்க்கும் உண்ணிக்கொல்லிக் கழுத்துப்பட்டை கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டு முற்றத்துக்கும் மருந்து இட்டார்கள். நாயைப் பிடித்துச் செல்லவில்லை. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, அங்குள்ள நாய்களில் நூற்றுக்கு ஒன்றில்தான் உண்ணி தென்பட்டது. மருந்திடாத அண்டைக் குடியிருப்புகளில் நூற்றுக்கு 64. நாயைக் கூடவே வைத்துக்கொண்டு உண்ணியை ஒழிக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

8. வெயில்

பழுப்பு உண்ணிக்கு நாய்தான் விருப்பம். மனிதரைக் கடிப்பது விதிவிலக்கு என்று பழைய பாடநூல்கள் சொல்லும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனை இதைத் திருத்தியது. 40 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்த உண்ணிகளை மனிதத் தோலில் விட்டபோது பலவும் கடித்து ஒட்டிக்கொண்டன. 25 டிகிரியில் இருந்தவை நாட்டம் காட்டவில்லை. பின்னர் அமெரிக்காவில் நடந்த சோதனையும், குறிப்பாக வெப்பநாட்டுக் கிளை உண்ணிகள், சூடு ஏறும்போது நாயைவிட்டு மனிதரை நோக்கித் திரும்புவதைக் காட்டியது. கத்தரி வெயிலில் வேலூரும் திருத்தணியும் 40 டிகிரியைத் தாண்டும் நமக்கு இது வெறும் ஆய்வகச் செய்தியாக இருக்க முடியாது. சோதனைப் பெட்டிக்குள் நடப்பதெல்லாம் அப்படியே வீட்டிலும் நடக்கும் என்று கொள்ளக்கூடாதுதான். ஆனால் கோடையில் உண்ணி பெருகும் வீட்டில், வெறுந்தரையில் பாய் விரித்துப் படுக்கும் குழந்தையை யோசித்துப் பாருங்கள்.

9. கை, சுவர், தெரு

ஆபத்து முதலில் நம் கையில் இருக்கிறது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நாயின் காதை மடித்து, உண்ணியைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கிடையே 'டப்'பென்று நசுக்கி, வேட்டியில் துடைத்துக்கொள்ளும் பெரியவரை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அன்பினால் செய்வது. ஆனால் நசுங்கும் உண்ணியின் உடல்நீரில் ரிக்கெட்ஸியா இருந்தால், நகக்கண்ணில் உள்ள சிறு கீறல் போதும்; அந்தக் கையால் கண்ணைக் கசக்கினாலும் போதும். இடுக்கியால், தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்தெடுத்து, சாராய ஸ்பிரிட்டில் போட்டு, சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஊதுபத்தியால் சுடுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நாயின் தோலைத்தான் புண்ணாக்கும்.

அடுத்தது சுவர். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டால் சுற்று அறுபடாது. நாய்க்கும், அது படுக்கும் சாக்குக்கும், மூலைக்கும், விரிசலுக்கும் ஒரே நாளில் மருந்திட்டு, முட்டைகள் பொரிந்து வருவதைக் கணக்கிட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி இட வேண்டும். பிளவுகளைச் சிமென்ட் பூசி அடைப்பது மருந்துக்குச் சமம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்க்கு ஊற்றுவது பலமுறை நாயைக் கொன்றிருக்கிறது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு. இரண்டும் வளர்ப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

மூன்றாவது தெரு. பணமுள்ள வீட்டு நாய்க்கு மூன்று மாதம் வரை உண்ணியை அண்டவிடாத ஃப்ளூரலனர் மாத்திரை கிடைக்கிறது. அந்த வீட்டு வாசலில் படுக்கும் தெருநாய்க்கு ஒன்றுமில்லை. சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமத்துக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். சரியானதுதான், வெறிநோய் கொல்லும் நோய். ஆனால் கருத்தடைக்காகப் பிடிக்கும் தெருநாய்க்கு, அது நிலையத்தில் இருக்கும் நாட்களிலேயே உண்ணி மருந்தும் கொடுத்துவிடுவது பெரிய செலவன்று. நாய் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கொடுக்காமல் விடுவது வாய்ப்பை வீணாக்குவது என்பது என் கருத்து.

மக்கள் நல்வாழ்வுத் துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் தனித்தனியே வைத்திருக்கும் தகவலை ஒரு மாவட்டத்தளவிலாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்தத் தெரு நாய்களுக்கு எர்லிக்கியா அதிகம் என்பது கால்நடை மருந்தகத்துக்குத் தெரியும். எந்தத் தெருவிலிருந்து காரணம் தெரியாத தடிப்புக் காய்ச்சல் வருகிறது என்பது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியும். இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் ஆள் போதும்.

அன்று அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது: "நாயோட நோய் பாப்பாவுக்கு வர்றது ரொம்ப அபூர்வம்மா. ஆனா வீட்ல உண்ணி இருக்கு, அது பாப்பாவையும் கடிக்கும். நாயோட சேர்த்து வீட்டுக்கும் மருந்து அடிங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தா, வீட்ல உண்ணி இருந்துச்சுன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க." சொல்ல அரை நிமிடம் ஆகும். காய்ச்சலும் தடிப்புமாக வரும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வதும் ஒன்றுதான்: உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள், வீட்டில் நாய் உண்டா, உண்ணி உண்டா என்று கேளுங்கள்.